வக்கீல் புதைத்த பெட்டி

ஏழு வருடமாக ஒரு கேள்விக்கு ஒரே பதிலைச் சொல்லி ஒப்பேற்றி வந்தேன். "கொலைகாரன் யாருங்க?" என்று லிஃப்டில் பக்கத்தில் நிற்பவர் கேட்பார், பல் டாக்டர் கேட்பார், மின்கட்டணம் கட்டப் போனால் கவுன்டரில் இருப்பவர் கேட்பார். நான் லேசாகச் சிரித்து, "பாத்துக்கிட்டே இருங்க" என்பேன். அந்தச் சிரிப்பைக் கண்ணாடி முன்னால் நின்று பழகியிருக்கிறேன். உள்ளே பெரிய ரகசியம் இருப்பதுபோல ஒரு சிரிப்பு. உள்ளே ஒரு மண்ணும் கிடையாது.

டிவியில் வாரம் ஐந்து நாள் வரும் துப்பறியும் தொடர் என்னுடையது. முதல் எபிசோடில் ஒரு பெரிய வீட்டு மாடிப்படிக்குக் கீழே அந்த வீட்டின் கடைசி மகள் செத்துக் கிடக்கிறாள். யார் கொன்றது, அதுதான் கதை. ஆறு மாதத்தில் முடிப்பதாகத்தான் பேச்சு. ரேட்டிங் ஏறியது, சானல் இழுக்கச் சொன்னது, இழுத்தோம். எங்கள் தொழிலில் சந்தேகம் யார்மேல் விழும் என்பதை எழுத்தாளன் முடிவு செய்வதாக நீங்கள் நினைத்தால் அது உங்கள் வெள்ளை மனசு. கால்ஷீட்தான் முடிவு செய்யும். அண்ணனாக நடிப்பவர் மாதத்தில் நிறைய நாள் கொடுத்தால் அண்ணன் சட்டையில் ரத்தக்கறை. அவர் சினிமா வாய்ப்பு வந்து போய்விட்டால் அண்ணனுக்கு விபத்து, கோமா. அண்ணியாக நடித்தவர் பிரசவத்துக்குப் போனபோது அண்ணி பயந்து தலைமறைவானாள். அந்த அம்மா கைக்குழந்தையோடு திரும்பி வந்தார், குழந்தையையும் கதைக்குள் இழுத்துப் போட்டோம்.

நடுவில், மூன்றாவது வருடம், தயாரிப்பாளரோடு எனக்குப் பெரிய சண்டை. "உங்க சீரியலை நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க" என்று கத்திவிட்டு வந்துவிட்டேன். ஒரு வருடம் வேறு ஆட்கள் எழுதினார்கள். அப்புறம் அவரே வீடு தேடி வந்து கூப்பிட்டதும் ரோஷம் எல்லாம் போன இடம் தெரியவில்லை. போன உடனே, யார் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டு எழுத ஆரம்பித்தேன். அந்த ஒரு வருட எபிசோடுகளை இன்றுவரை நான் பார்த்ததில்லை. சொல்லப்போனால் மற்றதையும் பார்த்ததில்லை. சமையல்காரனுக்குத் தன் சாப்பாடு பிடிக்காது என்று ஒரு சாக்கு வைத்திருந்தேன்.

பார்த்ததெல்லாம் மாமாதான். மாமா என்றால் என் மாமனார், மனைவியின் அப்பா. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். மாமியார் தவறியபின் கடையை விற்றுவிட்டு எங்களோடு வந்துவிட்டார். எங்கள் கல்யாண ஃபோட்டோவில் அவர் நிற்பதைப் பார்த்தால் துக்கம் விசாரிக்க வந்தவர் என்றுதான் தோன்றும். ஒரே பெண்ணை ஒரு எழுதுகிற பயலுக்குக் கொடுத்துவிட்டோமே என்ற ஆற்றாமை அவருக்கு ரொம்ப நாள் இருந்தது. யாராவது கேட்டால், "மாப்பிள்ளை டிவியில ஏதோ பண்றார்" என்பார். அந்த "ஏதோ"வில் அவ்வளவு கசப்பு.

எங்களோடு வந்த பிறகு, வேறு வழியில்லாமல் என் தொடரை முதல் எபிசோடிலிருந்தே பார்க்கத் தொடங்கினார். அதோடு மனிதர் மாறினார். மாலையில் ஒரு தடவை, மறுநாள் மதியம் மறு ஒளிபரப்பில் ஒரு தடவை. மதியம் பார்க்கும்போது சாய்வு நாற்காலியில் கண் சொருகிவிடும், ஆனால் டிவியை அணைத்தால் கோபம் வரும். "நான் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்!" சாப்பாட்டு மேசையில், "மாப்ள, அந்தக் கண்ணாடி உடைஞ்சது சும்மா இல்லையே? நீங்க காரணம் இல்லாம உடைக்க மாட்டீங்களே?" என்பார். எனக்கு எந்தக் கண்ணாடி என்றே தெரியாது. சிரிப்பேன். என் மனைவிக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பூரிப்பு. அப்பாவும் புருஷனும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்களா என்று அவள் ஏங்கிய வருடங்கள் கொஞ்சமல்ல.

போன மாதம் சானலில் புதிதாக வந்திருக்கும் நிகழ்ச்சித் தலைவர் என்னைக் கூப்பிட்டாள். என் அக்கா மகள் வயசு. "சார், மூணு வாரத்துல முடிச்சிடலாம். முடிவுதான் பேசப்படணும். உங்களுக்குத்தான் முதல்லயிருந்தே தெரியுமே" என்றாள். நான் அந்தச் சிரிப்பைச் சிரித்துவிட்டு வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டில் யோசித்து யோசித்து மண்டை காய்ந்தது. யாரைக் கொலைகாரன் ஆக்குவது? குடும்பத்தில் எல்லோரையும் ஏதோ ஒரு சமயத்தில் நிரபராதி என்று நிரூபித்துத் தொலைத்திருந்தோம். அந்த வீட்டு நாய் ஒன்றுதான் பாக்கி. ஒரு மாலை, சாப்பாட்டு மேசையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது மாமா எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மாப்ள, முடிக்கப் போறாங்களாமே?"

"ஆமா மாமா."

"நீங்க வாயைத் திறக்கக் கூடாது. நான் சொல்றேன். சரியா தப்பான்னு முகத்துலகூடக் காட்டக் கூடாது. ஆட்டம்னா ஆட்டமா இருக்கணும்."

"சொல்லுங்க."

"வக்கீல்தான்."

வக்கீல் என்றால் கதையில் அந்தக் குடும்பத்துக்காக ஏழு வருடமாக ஓடியாடி உதவி செய்கிற ஆள். தங்கமான மனுஷன் என்றுதான் எழுதியிருந்தேன். மாமா ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். சேதி கேட்டு வந்த வக்கீல், யாரும் சொல்வதற்கு முன்னாலேயே, "படியில விழுந்ததும் மயக்கம் வந்திருக்கும், வலி தெரிஞ்சிருக்காது" என்று அந்தப் பெண்ணின் அம்மாவைத் தேற்றினாராம். படி என்று அவருக்கு யார் சொன்னது? அந்தப் பெண்ணின் பங்குச் சொத்துக்கு அவர்தான் பொறுப்பாளர். அவள் செத்த வாரம் அவரிடம் கணக்குக் கேட்டிருக்கிறாள். நான் பக்கத்தை நிரப்ப எழுதிய வசனங்கள் எல்லாம் மாமா வாயில் ஒன்றோடொன்று பொருந்தி உட்கார்ந்தன.

"இதெல்லாம்கூட விடுங்க. அந்தப் பெட்டி! மழையில நனைஞ்சுக்கிட்டே தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி ஒரு தகரப் பெட்டியைப் புதைச்சாரே வக்கீல், அதுக்கப்புறம் அதைப் பத்தி ஒரு பேச்சு உண்டா? ஏன் இல்ல? கடைசிக்குன்னு எடுத்து வெச்சிருக்கீங்க. அங்கதான் மாப்ள உங்க சாமர்த்தியம்!"

தகரப் பெட்டியா? நான் எழுதவில்லை. நான் இல்லாத அந்த வருடத்தில் எழுதியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். முகத்தை மரக்கட்டை மாதிரி வைத்துக்கொண்டு எழுந்து பாத்ரூமுக்குள் போனேன். கேட்டது மறந்துவிடுமோ என்ற பயத்தில் குழாயைத் திறந்துவிட்டு, அத்தனையையும் போனில் தட்டித் தள்ளினேன். வெளியே மாமா தன் மகளிடம், "உன் புருஷனுக்கு வயித்தைக் கலக்கிடுச்சும்மா, நான் சரியாத்தான் சொல்லியிருக்கேன்!" என்று சொல்லிச் சிரிப்பது கேட்டது. கேட்டுக்கொண்டேதான் தட்டினேன்.

மறுநாள் ஸ்டுடியோவில் ஏழு வருடம் அடைகாத்த ஆள் மாதிரி நிதானமாகச் சொன்னேன். தயாரிப்பாளருக்குக் கண் கலங்கிவிட்டது. "பாவி, இத்தனை நாள் உள்ளயே வெச்சிருந்தியா?" என்று கட்டிக்கொண்டார். டைரக்டர் வந்து சேர்ந்தே இரண்டு வருடம்தான், அவருக்குப் பழைய கதை தெரியாது. தொடர்ச்சி கவனிக்கும் பெண் மட்டும், "சார், பெட்டி புதைக்கிற சீன் எந்த எபிசோட்? எடுத்து ஃப்ளாஷ்பேக்ல போட்டுடலாம். நான் தேடினேன், கிடைக்கல" என்றாள்.

தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு வந்தது கோபம். "எழுதினது நானா நீயா?" என்று எல்லோர் முன்னிலையிலும் கத்தினேன். அவள் முகம் சுண்டிப்போயிற்று. அந்த நேரம் பார்த்து வக்கீலாக நடிப்பவர் மேக்கப்போடு உள்ளே வந்து, "பெட்டிதானே? புதைச்சேனே! மழை மெஷின்ல நனைஞ்சு, குனிஞ்சு குனிஞ்சு மண்ணைத் தள்ளி, ரெண்டு நாள் முதுகு பிடிச்சுக்கிச்சே!" என்றார். "பாத்தியா?" என்று நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். பழையதைத் தேட நேரமில்லை, புதிதாகவே எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவாகி, அன்றைக்கே பெட்டியைப் புதைத்து அன்றைக்கே தோண்டினோம்.

கடைசி எபிசோடுக்கு மாமா தன்னோடு பார்க்கில் நடக்கும் நண்பர்களை வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். எப்போதும் தொப்பி போட்டிருப்பதால் எங்கள் வீட்டில் தொப்பி மாமா என்று பெயர் வாங்கிய ஒருவர், முன்னாள் பஸ் டிரைவர் ஒருவர், அவர் சம்சாரம். எல்லோருக்கும் டீ. மாமா ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் விரலைத் தூக்கி, "இப்ப பாருங்க, தண்ணித் தொட்டி வரும்" என்பார். வரும். "இப்ப மண்ணுக்குள்ள டங்குன்னு சத்தம் கேக்கும்." கேட்டது. டிரைவர் சம்சாரம் கை தட்டினார். முடிந்ததும் மாமா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஏழு வருஷமா இவர் ஒளிச்சு வெச்சதை நான் கண்டுபிடிச்சிட்டேன்! இவர் யார் தெரியுமில்ல, எழுத்தாளர். என் மாப்பிள்ளை" என்று நண்பர்களிடம் சொன்னார். என் மனைவி சமையலறை வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. ஆனாலும் சிரித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் காலையில் மானம் கப்பலேறியது. யாரோ இணையத்தில் இரண்டு காட்சிகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிப் போட்டிருந்தார்கள். ஒன்று எங்களுடையது. மற்றது மதியம் எங்கள் மறு ஒளிபரப்பு முடிந்த கையோடு அதே சானலில் வரும் வேறொரு தொடர். அதே நடிகர், அங்கே தாடி வைத்த மில் முதலாளி. அதே மழை, தண்ணீர்த் தொட்டி, தகரப் பெட்டி. எங்கள் தொடரில் வக்கீல் எந்தக் காலத்திலும் எதையும் புதைத்ததில்லை. காலையில் ஒரு செட், மாலையில் ஒரு செட் என்று ஓடுகிற அந்த நடிகருக்கு எதில் முதுகு பிடித்தது என்று அவருக்கே நினைவில்லை. ஏழு வருடம் பார்த்த ஜனம் எல்லாம் சிரித்தது, திட்டியது, "எழுத்தாளருக்குத் தன் கதையே தெரியல" என்று எழுதியது. தயாரிப்பாளர் போனில், "எங்கயிருந்துய்யா வந்துச்சு அந்தப் பெட்டி?" என்று அலறினார்.

எனக்கு மட்டும் தெரியும் எங்கிருந்து வந்தது என்று. சாய்வு நாற்காலியிலிருந்து. மதியம் கண் சொருகியவர் ஒரு தொடரில் தூங்கி அடுத்த தொடரில் விழித்திருக்கிறார். முகம் அதே முகம். அவர் குழப்பிக்கொண்டதில் ஒரு தப்பும் இல்லை, பார்க்கிறவர் அவர். எழுதுகிறவன் நான்.

என் மனைவி கேட்டபோது, அந்த ஃப்ளாஷ்பேக் டைரக்டர் சேர்த்தது, நான் எழுதவே இல்லை என்று சொன்னேன். நாக்கு கூசாமல் வந்தது. அவள் நம்பினாள், டைரக்டரை நன்றாகத் திட்டவும் செய்தாள்.

அன்று மாலை தொப்பி மாமா போனை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். "என்ன ஓய், உங்க மாப்பிள்ளை ரெண்டு சீரியலையும் போட்டுக் கொழப்பிட்டாராமே!" மாமா அந்தக் காட்சியைப் பார்த்தார். மறுபடி போடச் சொல்லிப் பார்த்தார். அவர் முகத்தில் அது மெதுவாக விளங்குவதை நான் நின்று பார்த்தேன். பெட்டி தன் தப்பு. தன் தப்பு மாப்பிள்ளை கதைக்குள் போயிருக்கிறது. அப்படியென்றால் மாப்பிள்ளையிடம் சொந்தமாக என்ன இருந்தது? தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் கீழே பார்த்தேன்.

பிறகு நண்பர் பக்கம் திரும்பி, "இல்லப்பா. நம்ம சீரியல்லயும் வந்துச்சு. நாலஞ்சு வருஷம் முன்னாடி. நான் என் கண்ணால பாத்தேன்" என்றார்.

"அட, இல்லவே இல்லைன்னு எல்லாரும் சொல்றாங்க!"

"எல்லாரும் மறந்திருப்பாங்க. நான் மறக்கல."

அடித்துப் பேசினார். மறுநாள் பார்க்கிலும் அதையே சொல்லியிருக்கிறார். அதற்கு அடுத்த நாளும். நண்பர்கள் கேலி பண்ண, இவர் சத்தம் போட, டிரைவர் சம்சாரம் என் மனைவிக்குப் போன் செய்து, "அப்பாவைக் கொஞ்சம் கவனிச்சுக்கம்மா" என்றாராம். அவள் வெளிறிப்போனாள். அவளுடைய பெரியப்பாவுக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. நடக்காததை நடந்ததாகச் சொல்லி, கடைசியில் பெற்ற பிள்ளைகளையே தெரியாமல் போனார்.

"நிஜமாவே அப்படி ஒரு சீன் வரலையா?" என்று என்னைக் கேட்டாள்.

"இல்ல" என்றேன். அது மட்டும் உண்மை.

டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டாள். கிளம்பும்போது அவள் காரை எடுக்கப் போயிருந்தாள். படியிறங்கும்போது மாமாவின் கையைப் பிடித்து, "நான் அவகிட்ட சொல்லிடறேன் மாமா" என்றேன்.

"என்ன சொல்வீங்க?"

"எல்லாத்தையும்."

அவர் நின்றார். "எனக்கு மறதின்னா அவ என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போவா. உங்களுக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு தெரிஞ்சா எங்க கூட்டிக்கிட்டுப் போவா? பேசாம வாங்க."

பேசாமல் போனேன். அதில் எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வேறு வந்தது, அதைச் சொல்லவே அசிங்கமாக இருக்கிறது.

டாக்டர் தேதி கேட்டார், கிழமை கேட்டார், கடிகாரம் வரையச் சொன்னார். மாமா எல்லாவற்றையும் சரியாகவே செய்தார். "நல்லாத்தான் இருக்கார்" என்று டாக்டர் எங்களைப் பார்த்தார். "ஆனா வீட்ல இருக்கறவங்கதான் சொல்லணும். நடக்காததைச் சொல்றது அந்த ஒரு தடவை மட்டும்தானா?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். "எழுதினவர் இவர்தான் டாக்டர். பகல்ல வீட்ல இருக்கறதும் இவர்தான்."

ஆமாம், அந்த ஒரு தடவைதான் என்று சொன்னால் போதும். மாமாவைக் காட்டிக் கொடுக்கவும் வேண்டாம், என்னைக் காட்டிக் கொடுக்கவும் வேண்டாம். ஆனால் அந்தக் கேள்வி அதோடு நிற்காது, ஒரே ஒரு தடவை ஏன் அப்படி நடந்தது, அப்பா சொன்ன அதே பெட்டி எப்படி டிவியிலும் வந்தது என்று அவள் யோசிக்க ஆரம்பித்துவிடுவாள் என்று எனக்குப் பயம் வந்தது. "கொஞ்ச நாளாவே இருக்கு டாக்டர்" என்றேன். அதோடு வாய் நிற்கவில்லை. "போன வாரம் சாவியைக் கையில வெச்சுக்கிட்டே தேடினார். மதியம் சாப்பிட்டதை மறந்துட்டு இன்னும் சாப்பிடலையேன்னார்." எதுவும் நடக்கவில்லை. இருபது வருடமாகக் கேட்டதற்கு மேலேயே கொடுத்துப் பழகிய வாய். காட்சி காட்சியாக வந்தது. என் மனைவி தன் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மாமா என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை, அது இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். பிறகு டாக்டரிடம், "ஆமாங்க. மாப்பிள்ளை சொல்றது சரிதான்" என்றார்.

இப்போது அவருக்குக் காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை. அதைப் போட்டால் வாய் உலர்கிறது என்கிறார். சட்டைப் பையில் எங்கள் முகவரி எழுதிய அட்டை இருக்கிறது. தனியாக நடக்கப் போகக் கூடாது என்று மகள் உத்தரவு, அதனால் தினமும் மாலை நான் கூடப் போகிறேன். நண்பர்கள் நடக்கும் பக்கம் அவர் போவதில்லை. தொப்பி மாமா தூரத்திலிருந்து கையை ஆட்டுவார், குழந்தையிடம் ஆட்டுவதுபோல, கொஞ்சம் பெரிதாக. மாமாவும் ஆட்டுவார்.

நேற்று மூன்றாவது சுற்றில் என் பக்கம் திரும்பாமலேயே பேசினார்.

"மாப்ள, ஒண்ணு கேக்கணும். மனசுல வெச்சுக்காதீங்க."

"கேளுங்க மாமா."

"நடுவுல ஆயிரம் நடக்கும். இழுக்கச் சொல்லுவாங்க, ஆள் மாறுவாங்க. அதெல்லாம் எனக்குப் புரியுது. ஆனா முதல் நாள் எழுத உக்காந்தப்ப, அந்தப் பொண்ணைப் படிக்குக் கீழ போட்டீங்களே, அன்னிக்கு யாராவது ஒருத்தரை நெனச்சிருப்பீங்கதானே? இவன்தான் பண்ணினான்னு?"

அண்ணன் என்று சொல்லியிருக்கலாம். அம்மா என்று சொல்லியிருக்கலாம். அவர் அதை வாங்கிக்கொண்டு திருப்தியாக நடந்திருப்பார், என் வாய்க்கு அது ஒரு பெரிய வேலையே இல்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். ஆசையோடு காத்துக்கொண்டிருந்தார்.

"இல்ல மாமா."

"ஒருத்தரைக்கூடவா?"

"ஒருத்தரைக்கூட இல்ல."

அவர் நடப்பதை நிறுத்திவிட்டார். சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். எங்களைத் தாண்டி இரண்டு பேர் நடந்து போனார்கள்.

"அப்ப அந்தப் பொண்ணு சும்மாவா மாப்ள செத்துச்சு?" என்றார்.